மார்ச்சில் சொன்னதை அக்டோபரிலும் எடுத்துப் பாருங்கள்

பேஸ்பால் சீசன் தொடங்கும் முன் ‘துணிச்சலான கணிப்புகள்’ எழுதும் விமர்சகர்களுக்கு,

வணக்கம். வருடா வருடம் மார்ச் கடைசியில் உங்கள் பட்டியல்களை ஒன்றுவிடாமல் படிக்கிறவன் நான். 2024 சீசனுக்கு நானும் ஒன்று போட்டேன். மளிகைச் சீட்டின் பின்பக்கத்தில் ஐந்தே வரி. ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியாயிற்று. அட்லாண்டா பிரேவ்ஸுக்குக் கோப்பை. அவர்களுடைய ரோனால்ட் அக்குன்யாவுக்கு மறுபடியும் எம்விபி (சீசனின் மதிப்புமிக்க வீரர்) விருது. கான்சஸ் சிட்டி ராயல்ஸுக்கு நூறு தோல்வி. எங்கள் டெட்ராய்ட் டைகர்ஸுக்கு ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். சிகாகோ ஒயிட் சாக்ஸுக்குக் கடைசி இடம்.

சீசன் முடிந்து எடுத்துப் பார்த்தால் ஐந்தில் ஒன்றுதான் தேறியது, ஒயிட் சாக்ஸ். 2023இல் 101 ஆட்டம் தோற்று, சீசனுக்கு முன்பே பந்துவீச்சாளர் டிலன் சீஸையும் சான் டியாகோ அணிக்கு அனுப்பிவிட்ட அணி அடியில் கிடக்கும் என்று சொல்ல ஆரூடம் எதற்கு? 1962இல் நியூயார்க் மெட்ஸ் தோற்ற 120ஐயும் இவர்கள் தாண்டுவார்கள் என்று எழுதியிருந்தால் அது துணிச்சல். 121 தோற்றார்கள்.

அக்குன்யா விஷயத்தில் காயம் என்று சாக்குச் சொல்லலாம். முந்தைய வருடம் 41 ஹோம்ரன் (எல்லைக்கு வெளியே போகும் அடி), 73 ஸ்டீல் (அடுத்த பேஸுக்கு, அதாவது அடுத்த தளத்துக்கு, திருட்டுத்தனமாக ஓடிச் சேர்வது) எடுத்தவர். மே 26 அன்று பிட்ஸ்பர்க்கில் முதல் ஆளாக வந்து டபுள் (இரண்டாம் பேஸ் வரை போகும் அடி) அடித்தார். மூன்றாம் பேஸைத் திருட ஓடி, பாதியில் நின்று திரும்பினார்; இடது முழங்கால் மடங்கியது. அத்தோடு அவருக்கு அந்த சீசன் முடிந்தது. ஆனால் 2021இல் வலது முழங்காலும் போனது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிந்தேதானே எழுதினோம்?

டைகர்ஸ் கதைதான் எனக்குத் தாங்கவில்லை. ஜூலை கடைசியில் பந்துவீச்சாளர் ஜாக் ஃப்ளாஹர்ட்டியை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகஸ்ட் 10 அன்று 55 வெற்றி, 63 தோல்வி. என் வரி பலித்துவிட்டது என்று நான் தெம்பாக இருந்தேன். மிச்சமிருந்த 44 ஆட்டத்தில் 31ஐ ஜெயித்தார்கள்! செப்டம்பர் 27 இரவு டெட்ராய்ட்டில் 4-1 என்று ஜெயித்து, 2014க்குப் பிறகு முதல்முறையாகப் பிளேஆஃபுக்குள், அதாவது கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளுக்குள், போனார்கள். அன்று தோற்றது யார் தெரியுமா? ஒயிட் சாக்ஸ். அதுதான் அந்த 121ஆவது தோல்வி. ஒரே ஆட்டத்தில் என் சீட்டின் இரண்டு வரிக்குத் தீர்ப்பு வந்துவிட்டது.

ராயல்ஸா? 2023இல் 106 தோற்றவர்கள் 86 ஜெயித்து அவர்களும் உள்ளே போனார்கள்.

இனி என் குறை. ‘ஆச்சரியப்படுத்தக்கூடும்’, ‘காயம் இல்லாவிட்டால் கலக்கலாம்’ என்று மதில்மேல் பூனையாக எழுதுகிறீர்கள். பலித்தால் அந்த வரியைத் தூசி தட்டி எடுத்துப் போடுகிறீர்கள். பலிக்காவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. (உங்களில் சிலர் வருடக் கடைசியில் தங்களுக்குத் தாங்களே மார்க் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்த மடல் இல்லை.) கணிப்பு தப்பாகிப்போனதற்காக யாரும் உங்களை அடிக்கப் போவதில்லை. அந்த வருடம் பேட்டிங் சராசரியில் (ஆட வந்த தடவைகளில் எத்தனை பங்கு வெற்றிகரமாக அடித்தார் என்ற கணக்கு) எல்லோரையும் முந்திய ராயல்ஸ் வீரர் பாபி விட்டுக்கே .332தான். மூன்றில் இரண்டு தடவை அவரும் அவுட். உங்கள் கணிப்பு பத்துக்குப் பத்தும் பலித்துவிட்டால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கேட்பது இரண்டே. ‘நன்றாக ஆடுவார்கள்’ வேண்டாம். எத்தனை வெற்றி, எத்தனை ஹோம்ரன் என்று எண்ணைப் போடுங்கள். புதுப் பட்டியலுக்கு மேலேயே போன வருடத்துப் பட்டியலையும், எது பலித்தது, எது கவிழ்ந்தது என்ற குறிப்போடு வெளியிடுங்கள்.

என் சீட்டு இன்னும் ஃபிரிட்ஜில்தான் இருக்கிறது. பால் எடுக்க வரும்போதெல்லாம் என் மகள் ராயல்ஸ் வரியை மட்டும் சத்தமாக வாசித்துவிட்டுப் போகிறாள்.

இப்படிக்கு,
டெட்ராய்ட் பக்கத்து ரசிகன் ஒருவன்