கி.பி. 125 என்று அடித்துச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தில் இருக்கும் யோவான் சுவிசேஷத் துண்டைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஆனால் படத்துக்குக் கீழே ‘கி.பி. 125-இல் எழுதப்பட்டது’ என்று போட்டிருந்ததுதான் உறுத்தியது.

அந்தத் துண்டு பப்பைரஸ் என்ற நாணல் தாளில் எழுதியது. அதில் தேதி கிடையாது. 1920-இல் பப்பைரஸ் ஆய்வாளர் கிரென்ஃபெல் எகிப்தில் விலைக்கு வாங்கியவற்றோடு வந்த துண்டு அது. அகழாய்வில் கிடைத்திருந்தால் மண்ணடுக்கை வைத்தாவது ஏதாவது சொல்லலாம், அதற்கும் வழியில்லை. 1935-இல் அதைப் படித்து வெளியிட்ட அறிஞர் ராபர்ட்ஸ், தேதி தெரிந்த பழைய ஆவணங்களின் கையெழுத்தோடு ஒப்பிட்டு, இரண்டாம் நூற்றாண்டின் முற்பாதி என்றார். எழுத்தமைதியை, அதாவது எழுத்துகளின் வடிவத்தை வைத்து அவ்வளவுதான் சொல்ல முடியும். இருபது வயதில் பழகிய கையெழுத்தை அறுபதிலும் மாற்றாத எழுத்தர்கள் இருந்திருப்பார்களே! 2005-இல் ஆய்வாளர் பிரென்ட் நோங்பிரி இதையெல்லாம் திரும்பப் பார்த்து, இரண்டாம் நூற்றாண்டின் கடைசியையும் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும்கூட ஒதுக்க முடியாது என்று எழுதினார்.

அப்புறம் ஏன் 125 இப்படி ஒட்டிக்கொண்டது? யோவான் சுவிசேஷமே இரண்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் உருவானது என்று 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் பவுர் வாதிட்டார். 125-லேயே அதன் பிரதி இருந்தது என்றால், மூலநூல் அதற்கும் முந்தியதாகத்தானே இருக்க வேண்டும்? அவருக்குப் பதில் சொல்ல இந்தத் துண்டு வாகாக அமைந்தது. சபைக்குப் போகிறவன் என்ற முறையில் எனக்கும் 125 பிடிக்கும்தான். பிடித்திருக்கிறது என்பதற்காக அது தேதியாகிவிடாது. மாற்கு சுவிசேஷத்தின் முதல் நூற்றாண்டுத் துண்டு கிடைத்துவிட்டது என்று 2012-இல் பரபரப்பாகப் பேசினார்கள். 2018-இல் முறையாக வெளியானபோது இரண்டாம் நூற்றாண்டின் கடைசி அல்லது மூன்றின் தொடக்கம் என்று போட்டிருந்தது.

தேதியை விட்டால் இந்தத் துண்டில் பேச வேறு விஷயமா இல்லை? சுமார் 9 செ.மீ. உயரம், 6 செ.மீ. அகலம். முன்பக்கம் 18-ஆம் அதிகாரத்தின் 31 முதல் 33 வரையுள்ள வசனங்கள், பின்பக்கம் 37, 38. சுருளில் பொதுவாக ஒரு பக்கம்தான் எழுதுவார்கள்; இங்கே இரண்டு பக்கமும் ஒரே நூல் தொடர்வதால் இது சுருள் இல்லை, ஏடு சேர்த்துக் கட்டிய புத்தகம். இடையில் விட்டுப்போன வரிகளைக் கணக்கிட்டு, ஒரு பக்கத்துக்கு 18 வரி என்றுகூடச் சொல்லிவிட்டார்கள். பின்பக்கம், இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவின் ‘சத்தியமாவது என்ன?’ வரவேண்டிய வரியில் அதற்கு அடுத்த சொற்கள்தான் மிஞ்சியிருக்கின்றன, கேள்வி கிழிந்த பகுதியோடு போய்விட்டது. கட்டுரையாளர் இதைத் தொடாமல் விட்டது எனக்குக் குறைதான்.

அடுத்த இதழில் ‘இரண்டாம் நூற்றாண்டு, ஒருவேளை மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம்’ என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். முடிந்தால் பின்பக்கப் படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை