வரைபடத்தில் லயம் எத்தனை மில்லிமீற்றர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகத்தின் மண்சரிவுகள் பற்றிப் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வுகள் அண்மைக் காலத்தில் நன்றாகவே பெருகியிருக்கின்றன. செய்மதிப் படம், நிலத்தின் உயரத்தைக் கட்டம் கட்டமாகத் தரும் உயர மாதிரி, மழைத்தரவு, பாறை வகை, நிலப்பயன்பாடு எல்லாவற்றையும் கணினியில் சேர்த்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒரு வரைபடம் தருகிறார்கள். பத்திரிகைகளும் அதை ஆர்வத்தோடு வெளியிடுகின்றன. ஆய்வுகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த வரைபடத்தால் எதைப் பார்க்க முடியாது என்பதையும், பார்க்க முடியாததைத் தோட்டத்திலேயே எப்படி அளப்பது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும்.

முதலில் அளவுகோல். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வலய வரைபடங்கள் 1:10,000 அளவில் உள்ளவை. அதில் 1 மில்லிமீற்றர் என்பது தரையில் 10 மீற்றர். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராக்கள் (அறைகள்) பன்னிரண்டு வரிசையாக நிற்கும் ஒரு லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் தொடர் குடியிருப்பு, ஏறத்தாழ 120 அடி, அதாவது 36 மீற்றர் நீளம். வரைபடத்தில் அது 4 மில்லிமீற்றர்கூட வராது. லயத்துக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண் திட்டோ, அதன் மேல் உடைந்து கிடக்கும் கானோ (வடிகாலோ) அதில் விழவே விழாது. ஆய்வு மாணவர்கள் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும் 30 மீற்றர் உயர மாதிரியைப் பயன்படுத்துகிறார்கள். அதன் ஒரு கட்டம் 900 சதுர மீற்றர். பல புதிய வீடுகளுக்குத் தரப்பட்ட 7 பேர்ச் காணி 177 சதுர மீற்றர். ஆக, ஐந்து வீட்டுக் காணிகளுக்கும் சேர்த்து ஒரே சாய்வு, ஒரே நிறம். அந்த ஐந்தில் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் நாலு மீற்றர் உயரத்துக்கு மண்ணை வெட்டியிருந்தால் கணினிக்கு அது தெரியாது. மழைத் தண்ணீருக்குத் தெரியும்.

மழைத்தரவிலும் இதே கதைதான். செய்மதி வழியாகக் கணிக்கப்படும் மழைத்தரவின் கட்டம் பல வேளைகளில் 5 கிலோமீற்றருக்கு மேல் அகலமானது. ஒரே தோட்டத்தின் மேல் பிரிவு முகிலுக்குள் நனைய, கீழ்ப் பிரிவில் தூறலோடு முடிகிற ஊரில் இந்தக் கட்டம் எவ்வளவு பயன்படும் என்று மலையகத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வறிக்கைகளில் வரும் 'துல்லியம் 90 சதவீதம்' என்பது போன்ற வரியைப் பற்றியும் ஒரு சொல். தெரிந்த மண்சரிவுகளின் கட்டங்களை எழுந்தமானமாக இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கால் கணினிக்குப் பயிற்சி கொடுத்து, மற்றப் பங்கால் சோதிப்பது வழக்கம். ஒரே சரிவின் பக்கத்துக் கட்டங்கள் இரண்டு பங்கிலும் விழுந்துவிடுகின்றன. வினாத்தாளில் பாதியை முதல் நாளே பிள்ளையிடம் காட்டிவிட்டு மறுநாள் பரீட்சை வைப்பது போன்றது இது. பதுளைத் தரவில் பயின்ற கணினி மாதிரியை நுவரெலியாவில் சோதித்து என்ன மதிப்பெண் வந்தது என்று கேட்டால்தான் உண்மை தெரியும். இன்னொரு கோணல்: வீதியோரச் சரிவுகள் உடனே பதிவாகின்றன, தோட்டத்தின் ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் விழுந்தது யாருடைய பட்டியலிலும் சேர்வதில்லை. பிறகு கணினி 'வீதிக்கு அருகில்தான் ஆபத்து அதிகம்' என்று கண்டுபிடிக்கும்.

மண்ணியல் பக்கம்தான் இதைவிடக் கவலைக்குரியது. மத்திய மலைநாட்டின் பாறைகள் மிகப் பழைய உருமாற்றப் பாறைகள். குவார்ட்சைட், சார்னோக்கைட் போன்ற வன்பாறைகள் முகடாக நிற்க, அவற்றின் அடிவாரத்தில் பழைய சரிவுகள் கொண்டு வந்து சேர்த்த மண்ணும் பாறாங்கல்லும் கலந்த படிவுகள் கிடக்கின்றன. அந்த இடங்கள் மென்சாய்வானவை, ஊற்று நீர் உள்ளவை. குடியிருப்புக்கு அதுவே வசதி என்பதால் பல லயங்கள் அங்கேதான் கட்டப்பட்டன. சாய்வுக்கு அதிக நிறை கொடுக்கும் மாதிரி அந்த இடத்தைப் 'பச்சை' என்று காட்டக்கூடும். மண்ணுக்கும் அடிப்பாறைக்கும் இடையில் நீர் தேங்கி அழுத்தம் ஏறினால், அந்த மென்சாய்வே வழுக்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தவில் சரிந்ததும் இத்தகைய படிவுதான். அங்கே அறிவியல் தவறவில்லை. அந்த இடம் பாதுகாப்பற்றது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக்கும் மாற்றுக் காணிக்கும் இடையில்தான் ஆண்டுகள் ஓடின.

செய்மதி ராடார் மூலம் மில்லிமீற்றர் கணக்கில் நில அசைவைக் கண்டுபிடிக்கலாம் என்றும் சொல்லப்படுகிறது. வெறும் பாறையிலும் கட்டடங்கள் நெருங்கிய நகரத்திலும் அது உண்மை. இலவசமாகத் தரவு கிடைக்கும் சென்டினல்-1 செய்மதியின் அலைநீளம் 5.6 சென்ரிமீற்றர், இலையில் பட்டே திரும்பிவிடும். வாரந்தோறும் கொழுந்து பறித்து, சில ஆண்டுக்கொருமுறை கவ்வாத்து வெட்டும் மலையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ஒப்புமை கலைந்துபோகும், அசைவை நம்பி அளக்க முடியாது.

ஆகவே கீழே இருந்து அளக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேண்டிய எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். பழைய தோட்ட மழைமானிகள் அங்குலத்தில் இருப்பதால் இப்படி நினைவில் வைக்கலாம்: 3, 4, 6 அங்குலம். மூன்றுமே உரிய அளவைவிடச் சற்றுக் கூடுதல் என்பதால், கோட்டைத் தொடுவதற்கு முன்பே தொட்டதாகக் கொள்ளுங்கள்.

தோட்டத்து மழைமானி ஆலைக்கோ பங்களாவுக்கோ அருகில் இருக்கும். மேல் பிரிவுக்குத் தனியாக ஒன்று வேண்டும். வாய் சரியாக 10 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள ஒரு புனலும் 1.5 லீற்றர் குளிர்பான போத்தலும் போதும். அந்தப் புனலின் பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர். 1 மில்லிமீற்றர் மழைக்கு 7.85 மில்லிலீற்றர் தண்ணீர் சேரும். 75க்கு 589, 100க்கு 785, 150க்கு 1,178 மில்லிலீற்றர். அளவுக் குவளை தேட வேண்டாம். கடையிலுள்ள டிஜிட்டல் தராசில் வெறும் போத்தலை வைத்து எடையைப் பூச்சியமாக்கி, 589 கிராம் தண்ணீர் ஊற்றி மட்டத்தில் மஞ்சள் கோடு, 785இல் செம்மஞ்சள், 1,178இல் சிவப்பு. பெயின்ட் அல்லது நகப்பூச்சுப் பயன்படுத்துங்கள், பேனாக் கோடு இரண்டு மழைக்கு மேல் நிற்காது. போத்தல் நிரம்பி வழிய 190 மில்லிமீற்றர் வரை ஆகும்.

பிழை வருவது இந்தச் சின்ன வேலைகளில்தான். புனல் 11 சென்ரிமீற்றராக இருந்தால் மழை 21 சதவீதம் கூடுதலாகத் தெரியும், அதனால் பெரிய கேடில்லை. 9.5 ஆக இருந்தால் 10 சதவீதம் குறைவாகத் தெரியும், அதுதான் ஆபத்து. புனலின் மேல் ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டும். ஆழமில்லாத புனலில் பெருந்துளிகள் வெளியே தெறித்துவிடும். குழாய்த் துண்டை ஒட்டி ஓரத்தை உயர்த்தினால், பிறகு அந்தத் துண்டின் உள்விட்டம்தான் கணக்கு. புனலுக்கும் போத்தல் கழுத்துக்கும் இடையில் ரப்பர் பட்டி சுற்றாவிட்டால் புனலின் வெளிப்புறத்தில் வழியும் நீரும் உள்ளே போகும். இறுக்கமாகச் சுற்றிவிட்டாலோ உள்ளே காற்று அடைத்து, கடும் மழையில் புனல் நிரம்பி வழியும். கழுத்துக்குக் கீழே, புனலின் நிழல் விழும் இடத்தில் ஊசித்துளை ஒன்று போட்டால் தீர்ந்தது. வாயில் நுளம்பு வலைத் துணி கட்டாதீர்கள். அது தண்ணீரைப் பிடித்துத் தெறிக்கவிடும். நுளம்பு பெருகாமலிருக்கத் தினமும் காலையில் போத்தலைக் கொட்டிவிடுவதே வழி.

வைக்கும் இடமும் முக்கியம். பக்கத்தில் உள்ள கூரை அல்லது மரம் எவ்வளவு உயரமோ, அதன் இரு மடங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். சவுக்கு மரத்தடியிலும் கூரை விளிம்பிலும் வைத்த மானிகள் மழையை அளப்பதில்லை. முகட்டின் நுனியில் வைத்தாலும் காற்று துளிகளை அடித்துச் சென்று குறைத்துக் காட்டும். புல்தரையில், புனலின் ஓரம் ஓரடிக்குக் குறையாத உயரத்தில் இருக்க, காலியான பெயின்ட் வாளிக்குள் கல் போட்டுப் போத்தலை நிறுத்துங்கள்.

வாசிப்பு நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் காலை 8.30க்கு முடிகிறது. காலை 8.30க்கு முன் 60, பின் மாலைக்குள் 60 பெய்தால் நாட்பதிவில் இரண்டு நாளும் 75ஐத் தொடாது. மலைக்கோ அது 24 மணித்தியாலத்துக்குள் விழுந்த 120. ஆகவே மழை விடாமல் பெய்யும் நாளில் காலையோடு நிறுத்தாமல் மாலை 6க்கும் இரவு 10க்கும் வாசித்து, கடைசி 24 மணித்தியாலத்தைக் கூட்டிப் பாருங்கள். இரவு 10க்குப் பிறகு வெளியேறுவது கடினம். 10 மணிக்குச் செம்மஞ்சள் கோட்டைத் தாண்டி மழையும் விடவில்லை என்றால் சிவப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். பல நாள் மழையில் ஊறிய மண்ணுக்கு 75ஏ அதிகம் என்பதையும் மறக்கக்கூடாது. ஒற்றை நாள் எண்ணில் அந்த ஊறல் தெரியாது. குறிப்பேட்டில் முந்திய நாட்களின் கூட்டுத்தொகையையும் எழுதிவைக்க இதுவே காரணம்.

நிலத்தில் வெடிப்பு தெரிந்தால், அதன் இரு பக்கமும் ஒரு மீற்றர் தள்ளி இரண்டடி ஆழத்துக்கு இரும்புக் கம்பி அடித்து, தலைக்குத் தலை தூரத்தை மில்லிமீற்றரில் அளந்து திகதியோடு எழுதுங்கள். மரக்கட்டை மழையில் உப்பி அழுகும். வெடிப்பின் நீளத்தில் மூன்று இடத்தில் இப்படிச் செய்ய வேண்டும். பிறகு வெடிப்பைக் களிமண்ணால் இடித்து மூடலாம், மூடவும் வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் நேராக உள்ளே இறங்கும். கம்பி அடிக்காமல் மூடுவதுதான் தவறு, அசைவு கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். நாளுக்கு இரண்டு மில்லிமீற்றர் வீதம் விலகுவதைவிட, நேற்று இரண்டு, இன்று நாலு, நாளை ஒன்பது என்று வேகம் கூடுவதே கிலிகொள்ள வேண்டிய அடையாளம். அந்த வேகத்தில் மழை நின்றாலும் ஆட்களைத் திருப்பி அனுப்பக்கூடாது.

பீலியையும் (ஊற்று நீர் வந்து விழும் இடத்தையும்) அளக்கலாம். 10 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் என்று கிழமைக்கொருமுறை எழுதினால் போதும். திடீரென்று கலங்கினாலோ, நின்றாலோ, இல்லாத இடத்தில் புதிதாக ஊறினாலோ மேலே ஏதோ நகர்ந்திருக்கிறது. இந்தக் குறிப்பு வேறொரு வழக்குக்கும் உதவும். உமா ஓயாச் சுரங்க வேலையின்போது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. பழைய அளவு கையில் இல்லாதவர் இழப்பை நிறுவுவது எப்போதும் கடினம்.

கான்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதலாம். சுருக்கமாகச் சொன்னால், குழி வைத்து வெட்டிய கானில் வண்டல் அள்ளாவிட்டால் தண்ணீர் ஒரே இடத்தில் உடைத்துக்கொண்டு கீழே பாயும். அந்த இடத்துக்கு நேர் கீழே லயம் இருந்தால் கான் இல்லாமலிருப்பதே மேல். நிலப்பயன்பாட்டு வரைபடத்திலோ கான் வாரிய மலையும் கைவிட்ட மலையும் 'தேயிலை' என்ற ஒரே நிறம்தான்.

பல்கலைக்கழகத்தாரிடம் கேட்பது இரண்டு. தோட்ட அலுவலகங்களில் பல ஆண்டுகளின் மழைப் புத்தகங்கள் கறையான் அரிக்கக் கிடக்கின்றன. அவற்றைப் படமெடுத்துத் தரவாக்க ஓர் இறுதியாண்டு மாணவர் குழு போதும். செய்மதிக் கட்டத்தைவிட நம்பகமான மழை அதில் இருக்கிறது. அடுத்து, ஆய்வு முடிந்ததும் அந்தந்தப் பிரிவுக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு வர வேண்டும். அதில் தோட்டத்தின் பதிவுப் பெயரோடு மக்கள் அழைக்கும் தமிழ்ப் பெயரும் இருக்கட்டும். பதிவுப் பெயரை மட்டும் போட்டால் எந்த மலை என்று பாதிப் பேருக்குப் புரியாது.

தங்களிடம் கேட்பது ஒன்று. மழை வீழ்ச்சியை வெளியிடும்போது 'நுவரெலியா மாவட்டம் 112 மி.மீ.' என்பதுபோல் எழுதாமல், எந்த நிலையம், அது கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரத்தில் இருக்கிறது, எத்தனை மணிக்கு முடிந்த 24 மணித்தியாலம் என்ற மூன்றையும் எண்ணோடு சேர்த்து அச்சிடுங்கள். காலை 8.30 என்ற இரண்டு சொல்லுக்கு ஒரு வரிகூடத் தேவைப்படாது.

இப்படிக்கு,
புவியியல் ஆசிரியர்கள் இருவர்,
பதுளை