அப்பாவை அனுப்பலாமா என்று கேட்டாயே

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வரன் அமைந்துவிட்டது என்று படித்ததும் சத்தமாகவே கூவிவிட்டேன். மாடியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். தை மாதத்தில் முகூர்த்தம் என்றால் கட்டாயம் வருகிறேன். தேதி குறித்ததும் முதலில் எனக்குச் சொல், டிக்கெட் எடுக்க வேண்டும்.

இப்போது நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மகள் கல்யாணம் முடிந்ததும் அப்பாவை இங்கே அமெரிக்காவில் ஹன்ட்ஸ்வில்லில் இருக்கும் உன் தம்பியோடு நிரந்தரமாக அனுப்பிவிடலாமா என்று கேட்டிருந்தாய். அது எங்கள் சட்டனூகாவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். அது அலபாமா, இது டென்னசி. மாநிலம் வேறென்றாலும் தெருக்களும் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒரே மாதிரி. அதனால் என் தெருவில் நான் பார்ப்பதை எழுதுகிறேன்.

எங்கள் எதிர் வீட்டில் எண்பது தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். இங்கே மூத்த பெண்களைப் பெயருக்கு முன்னால் 'மிஸ்' சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். வெறும் பெயர் சொன்னால் மரியாதைக் குறைவு. அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் இதே ஊர். கணவர் வார்ப்பட ஆலையில் வேலை பார்த்தவர். 1969-இல் அமெரிக்காவிலேயே காற்று மிக மோசமான நகரம் என்று இந்த ஊரைத்தான் சொன்னார்கள். பகலிலேயே காருக்கு விளக்குப் போட்டு ஓட்டிய காலம் அது. கொடியில் காயப்போட்ட துணி கறுத்துப்போகும் என்று அந்த அம்மா சொல்வார். இன்று ஆற்றங்கரையில் நின்றால் நம்ப முடியாது. 1891-இல் கட்டிய வால்நட் தெருப் பாலத்தை இடிக்காமல் பழுது பார்த்து, 1993-இல் நடப்பவர்களுக்கென்றே திறந்துவிட்டார்கள். சாயங்காலம் ஊரே அதன் மேல் உலாத்தும். நீ வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

ஆனால் அந்தப் பாலத்துக்குப் போகவே கார் வேண்டும். நகர மையத்தில் இலவச மின்சாரப் பேருந்து ஓடுகிறது. எங்கள் புறநகர்த் தெருப்பக்கம் எந்தப் பேருந்தும் வருவதில்லை. தெருவில் நடைபாதையே கிடையாது. பால் வாங்க, மருந்து வாங்க, முடி வெட்ட, எதற்கும் சாவியை எடுத்தாக வேண்டும். போன வருஷம் அந்த அம்மாவுக்குக் கண் பார்வை மங்கி, மருத்துவர் இனி கார் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்று அவர் அழுதது எனக்கு மறக்காது. கணவர் போனபோதுகூட அவர் அப்படி உடைந்து நான் பார்க்கவில்லை.

மகன் அட்லாண்டாவில் இருக்கிறார். கூடவே வந்துவிடச் சொன்னார். இவர் மறுத்துவிட்டார். அதற்கப்புறம் தெருவே கூடி ஒரு ஏற்பாடு செய்தது. அவர் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். ஞாயிறு காலை சர்ச்சுக்குக் கூட்டிப்போவது மூலை வீட்டுத் தம்பதி. புதன்கிழமை மாலை சர்ச்சில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள், அதற்குப் பக்கத்து வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை நான், தலைமுடி அலங்காரத்துக்கு. இந்த ஊர்ப் பாட்டிமார்களுக்கு அது தவறக்கூடாத சடங்கு. முடியைச் சுருட்டிக் காயவைத்து அடுத்த வெள்ளி வரைக்கும் கலையாமல் வைத்துக்கொள்வார்கள். வரிசையாக உட்கார்ந்து காய வைத்துக்கொண்டே யாருக்கு என்ன உடம்பு, யார் பேரன் எங்கே சேர்ந்தான் என்று எல்லாச் செய்தியும் பேசித் தீர்த்துவிடுவார்கள். நானும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கேட்பேன். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இதில் இன்னொரு விஷயம். என் மகளுக்குப் பதினைந்து முடிந்து, கார் பழகும் பெர்மிட் கிடைத்துவிட்டது. பக்கத்து சீட்டில் லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் வெள்ளிக்கிழமைகளில் அவள் ஓட்ட, நான் பக்கத்தில், அந்த அம்மா பின் சீட்டில். "இந்தத் திருப்பத்தில் மெதுவா போ கண்ணு" என்று பின்னாலிருந்து அவர் சொல்ல, இவள் கேட்டு நடக்கிறாள். நான் சொன்னால் கேட்க மாட்டாள்!

இந்த மனிதர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2020 ஈஸ்டர் அன்று ராத்திரி சூறாவளி ஊரின் கிழக்குப் பகுதியைப் புரட்டிப் போட்டதே, அப்போது ஊரடங்குக் காலம், ஒருவர் வீட்டுக்குள் ஒருவர் போகவே பயந்த நேரம். விடிந்ததும் மரம் அறுக்கும் மெஷினோடு ஆட்கள் தாங்களாகவே வந்து நின்றார்கள். கூரை போன வீடுகளுக்கு நீலத் தார்ப்பாய் கட்டினார்கள். சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, தள்ளி நின்று கையசைத்துவிட்டுப் போனார்கள். புத்தாண்டு அன்று தட்டப்பயறும் கீரையும் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்பது இவர்கள் நம்பிக்கை. வருஷா வருஷம் எனக்கும் ஒரு கிண்ணம் வந்துவிடும். நான் பதிலுக்குத் தேங்காய் போட்ட நம் ஊர்ச் சுண்டல் கொடுப்பேன்.

ஆனால் ஒன்றை யோசி. அந்த அம்மாவுக்கு இதெல்லாம் கிடைப்பது அறுபது வருஷம் இதே ஊரில் எல்லோருக்கும் செய்து சேர்த்த உறவால். உன் அப்பாவுக்கு அந்த உறவெல்லாம் பாளையங்கோட்டையில் இருக்கிறது. காலையில் வ.உ.சி. மைதானத்தில் நடை, அப்புறம் டீக்கடையில் பேப்பர், மாலையில் டவுன் பஸ் ஏறி நெல்லையப்பர் கோயில். யாரையும் கேட்காமல் போகிறார், வருகிறார். கால் வலித்தால் தெருமுனையில் ஆட்டோ இருக்கிறது. இங்கே வந்தால், தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போனபின், சாயங்காலம் வரை நாலு சுவர்தான். தம்பி தங்கமானவன், அன்பில் ஒரு குறையும் வைக்க மாட்டான். ஆனாலும் ஒவ்வொரு இடத்துக்கும் மகன் கையை எதிர்பார்ப்பது உன் அப்பா சுபாவத்துக்கு ஒத்துவராது.

பணக் கணக்கும் இருக்கிறது. கிரீன் கார்டு வாங்கினாலும், இங்கே தொடர்ந்து 5 ஆண்டு வசித்த பின்தான் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் அவரால் சேர முடியும். இங்கே வேலை பார்த்து வரி கட்டாதவர் என்பதால் மாதாமாதம் கட்ட வேண்டிய தொகையும் அதிகம். அதுவரை வேறு காப்பீடு வேண்டும். தம்பி இதைப் பார்த்து வைத்திருக்கிறானா என்று வெளிப்படையாகக் கேள், கூச்சப்படாதே.

என் கருத்தைக் கேட்டால், நிரந்தரமாக வேண்டாம். விசிட்டராக மார்ச் கடைசியில் வரட்டும். அப்போது குளிர் விட்டிருக்கும், மரமெல்லாம் பூத்திருக்கும். இரண்டு மூன்று மாதம் பேரப்பிள்ளைகளோடு இருந்துவிட்டு ஊர் திரும்பட்டும். நடுவில் ஒரு வாரம் நான் வந்து கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்கிறேன். அட்லாண்டா பக்கம் ரிவர்டேலில் பெருமாள் கோயில் இருக்கிறது, ஒரு சனிக்கிழமை போய் வரலாம். வழியில் ஜார்ஜியா எல்லை தாண்டினால் அவித்த வேர்க்கடலை விற்பார்கள், அதையும் வாங்கித் தருகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பாவிடம் கேட்டாயா? நீயும் தம்பியும் பேசிக்கொண்டதை எழுதியிருக்கிறாய், அவர் என்ன சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டுவிட்டு எனக்கு எழுது. கல்யாணப் புடவை எடுக்கத் திருநெல்வேலியா மதுரையா என்றும் சொல்.

அன்புடன்,
உன் தோழி