இடது பக்கத்து சீட்

பெகு, பர்மா,
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தால் அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். அதனால் கையால் எழுதி, கடைப் பையனை விட்டுப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தை நாலு தடவை பார்த்துவிட்டேன். இங்கிலாந்தில் நியூகாசிலில் காரோடு கப்பல் ஏறி, ராத்திரி முழுக்கக் கடலில் போய் ஹாலந்தில் இறங்குவது. பிறகு ஜெர்மனி. புட்கார்டனில் முக்கால் மணி நேரப் படகு, அதைத் தாண்டினால் டென்மார்க். ஹிர்ட்ஷால்ஸிலிருந்து இன்னொரு கப்பலில் நார்வே. அப்புறம் ஈ39 ரோட்டில் ட்ரொண்ட்ஹெய்ம் வரை 1100 கிலோமீட்டர், அந்த ஒரு ரோட்டிலேயே ஏழு இடத்தில் படகு. டீக்கடையில் எல்லாரிடமும் காட்டினேன். லாரி ஓட்டியவன் பிள்ளை சொந்தக் காரில் நாலு நாடு பார்க்கப் போகிறான் என்று சொல்லும்போது எனக்குக் குரல் கம்மிவிட்டது.

உன் கார் வலப்பக்க ஸ்டீயரிங். கடலைத் தாண்டியதும் ரோட்டின் வலப்பக்கமாக ஓட்ட வேண்டும். இந்த விஷயத்தில் என் பேச்சைக் கேள். 1970 டிசம்பரில் இங்கே ஒரே நாளில் எல்லா வண்டியையும் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். நான் அப்போது பெரியப்பா லாரியில் ஸ்பேர் பையன், டிரைவருக்கு உதவி ஆள். ரோடு மாறியது, வண்டி மாறவில்லை. பின்னால் வந்த ஜப்பான் வண்டிகளும் வலப்பக்க ஸ்டீயரிங்தான். டிரைவர் ரோட்டோரத்துப் புல்லை ஒட்டி உட்கார்ந்திருப்பார். முன்னால் போகும் லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் எதிரே என்ன வருகிறதென்று அவருக்குத் தெரியாது. இடது ஜன்னலில் நான் தலையை நீட்டிப் பார்த்துக் கதவைத் தட்டுவேன். ஒரு தட்டு என்றால் பொறு, இரண்டு தட்டு என்றால் போ. பெரியப்பா என் கையை நம்பித்தான் வண்டியை வெளியே எடுப்பார். கை நடுங்கும் எனக்கு.

அதனால் சொல்கிறேன், இடது சீட்டில் ஆள் வேண்டும்.

காரின் முன்விளக்கு இங்கிலாந்து ரோட்டுக்கு ஏற்றபடி இடப்பக்கம் சாய்ந்து அடிக்கும். அங்கே போனால் எதிரே வருபவன் கண்ணில் அடிக்கும். அதற்கு ஸ்டிக்கர் விற்கிறது என்றாயே, கப்பல் ஏறும் முன்பே வாங்கி ஒட்டிவிடு. டென்மார்க்கிலும் நார்வேயிலும் பகலிலும் விளக்கு எரிய வேண்டுமாம், மறக்காதே. படகில் வண்டியை நிறுத்தியதும் கைப்பிரேக் போட்டு, கியரிலும் விடு. நாங்கள் இங்கே மொத்தமா ஊர்ப் படகுத்துறையில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைப்போம். ஒரு தடவை கட்டை நழுவி லாரி ஒரு முழம் பின்னால் போனது இன்னும் கனவில் வருகிறது. சரி, இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும். இடது சீட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

நீ அனுப்பிய கப்பல் டிக்கெட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கார் ஒன்று, ஆள் ஒன்று என்று இருக்கிறது. அம்மாவிடம் அதைக் காட்டவில்லை. அவள் மருமகளுக்கு ஊறவைத்த தேயிலை, லப்பே பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறாள். போன தடவை மருமகள் கேட்ட அதே கடைதான், பூண்டு வறுவல் தனியாக. யாரிடம் கொடுத்தனுப்புவது என்று என்னைக் கேட்கிறாள். நான் பார்க்கலாம் என்கிறேன். முன்பெல்லாம் நீ பேசும்போது பின்னால் சமையலறை தெரியும், பாத்திரச் சத்தம் கேட்கும். இப்போது வெறும் சுவர்தான் தெரிகிறது. மூன்று மாதமாக உனக்கு வேலை அதிகம், நேரமில்லை. இத்தனை கப்பலுக்கும் நேரம் பார்த்துத் திட்டம் போட மட்டும் நேரம் இருந்திருக்கிறது. கோபத்தில் எழுதிவிட்டேன், அடித்து அழிக்க மனமில்லை, இருக்கட்டும்.

நம் முதல் லாரி வாங்கியபோது பெகு ரோட்டில் ஷ்வே ஞாங்பின் ஆலமரத்துக்குக் கொண்டுபோனோம். பர்மாக்காரர்கள் செய்வது போலவே முன்னால் சிவப்புத் துணியும் வெள்ளைத் துணியும் கட்டி, வண்டியை மூன்று தரம் முன்னும் பின்னும் நகர்த்திக் கும்பிட வைத்தேன். அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு இடது சீட்டில் இருந்தாள். அவள் கழுத்துச் சங்கிலியைக் கேட்காமலே அடகு வைத்துத்தான் டயர் போட்டிருந்தேன். அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது.

தெரிந்த வாரமே உன்னைத் தூக்கிக்கொண்டு மோல்மேனில் உன் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். உனக்கு அப்போது நாலு வயசு. நான் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்தேன் என்று உனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். உன் கல்யாணத்திலும் எல்லார் முன்னாலும் சொன்னேன். அது பொய், தம்பி.

மூன்று தரம் மொத்தமா வரை போனேன். அப்போது பாலம் ஏது? பாலம் 2005-இல்தானே வந்தது. ஆற்றைப் படகில் கடந்தால்தான் மோல்மேன். துறையில் லாரியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். எதிர்க்கரைக் குன்றின் மேல் பகோடா தெரியும், சாயங்காலம் விளக்கும் தெரியும். அங்கிருந்து மாமா வீடு நடக்கிற தூரம்தான். டிக்கெட் கூட ஒரு தரம் வாங்கினேன். கைக்குள்ளேயே கசக்கி வைத்திருந்தேன், வியர்வையில் அச்சு மறைந்துபோனது. நான் போனால் தோற்றதாகிவிடும் என்று நினைத்தேன். கடைசிப் படகு போனதும் சரக்கை இறக்கிவிட்டு, காலி இடது சீட்டோடு தத்தோன் வழியாக ராத்திரியில் திரும்பி வருவேன்.

ஏழு மாதம் கழித்து அம்மாதான் தானாக ஆற்றைக் கடந்து வந்தாள். ஒரு கையில் நீ, ஒரு கையில் டிரங்குப் பெட்டி. என்னைப் பார்த்து "இது யாரும்மா?" என்று கேட்டாய். அவள் "உன் அப்பாடா" என்றாள். அந்தப் பொய்யை நான் சொல்லும்போதெல்லாம் அவள் பக்கத்தில்தான் இருப்பாள். ஒரு தரம் கூட மறுத்ததில்லை.

உங்களுக்குள் என்ன நடந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. தனியாகத்தான் போகிறாய் என்றால் எந்த லாரியையும் தாண்டாதே, பின்னாலேயே போ. நேரம் ஆனால் ஆகட்டும். நார்வேப் படகுகளில் காருக்குத்தான் காசு, உள்ளே இருக்கிற ஆளுக்குக் காசில்லை என்று நீதானே எழுதியிருந்தாய். நியூகாசில் கப்பலில் ஆளுக்கும் டிக்கெட் வேண்டும். புறப்பட இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அந்த டிக்கெட்டில் இன்னொரு பெயர் சேர்க்க முடியுமா, எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்டு எழுது. பணம் கூட ஆகுமென்றால் அப்பா தருகிறேன்.

லப்பே பொட்டலம் இரண்டாக வைத்திருக்கிறோம்.

அப்பா