மெரினா குதிரைகளுக்கு மணல் ஒட்டாத தரை: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

மெரினாவில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் பார்த்து மனம் இளகுகிறவர்கள் முதலில் நீட்டுவது தீனிதான். பிஸ்கெட், ரொட்டி, கல்யாண வீட்டில் மிஞ்சிய சாதம். சிலர் ஒரு மூட்டை கொள்ளே இறக்கிவிட்டுப் போவார்கள். அந்த மனசுக்கு நன்றி. ஆனால் இப்போது நாங்கள் கேட்பது தீனி இல்லை. போட்ட தீனியை மணல் இல்லாமல் தின்ன ஒரு தரை, குதிரைக்கு ஒரு வாளி, குழாயில் தண்ணீர், இவ்வளவுதான். குதிரைக்காரர்கள் நாங்கள் சேர்ந்து, திருவல்லிக்கேணிப் பக்கம் வாடகைக்கு எடுத்திருக்கும் கொட்டகையை 20 குதிரைகள் நிற்கும் பொது லாயமாக மாற்ற இறங்கியிருக்கிறோம். ஆகும் செலவு 4,00,000 ரூபாய்.

தரைக்கு ஏன் இவ்வளவு அடம் என்று கேட்கலாம். புல்லை மணலில் போட்டால் குதிரை மேலாக மேய்ந்துவிட்டு நிறுத்தாது. உதட்டால் துழாவிக் கடைசி இலை வரை பொறுக்கும். ஒவ்வொரு வாயோடும் கொஞ்சம் மணல் உள்ளே போகும். மணல் கனமானது, பெருங்குடலின் அடியில் படிந்துவிட்டால் சாணத்தோடு எளிதில் வெளியேறாது. குடல் சுவரை அது அராவ அராவ முதலில் கழிச்சல் வரும், தின்றும் உடம்பு ஏறாது. இன்னும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். அப்போதுதான் முன்காலால் தரையைக் கீறுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது எல்லாம் தொடங்கும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் மேல்பக்கம் வழி கிடையாது.

மணல் இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். தரையில் படாத சாணத்தில் ஆறு உருண்டை எடுத்து, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கரைத்து, 20 நிமிஷம் தொங்கவிட வேண்டும். அடியில் ஒரு தேக்கரண்டிக்கு மேல் மணல் நின்றால் கவனிக்க வேண்டிய குதிரை அது. ஒன்றும் நிற்கவில்லை என்பதால் வயிறு சுத்தம் என்று ஆகிவிடாது. சில நாள் மணல் நகராமலே கிடக்கும். இசப்கோல் உமியைத் தீவனத்தில் கலந்து கொடுப்பது உதவும். நிறையச் சேர்ந்துவிட்டால் அது மட்டும் போதாது. மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து செலுத்த வேண்டும். வயிற்று நோவு கண்ட குதிரைக்கு வீட்டிலேயே பாட்டிலில் எண்ணெய் புகட்டுகிறார்கள், அதைத் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் வயிறு சரியானாலும் குதிரை பிழைப்பது அரிது. தீனியை அப்புறப்படுத்திவிட்டு உடனே வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்புவதுதான் வழி.

கடற்கரை ஒழுங்குமுறை விதிகளால் மணலிலேயே கட்டடம் எழுப்ப முடியாது. அதனால்தான் சாலைக்கு இந்தப் பக்கம் வந்து இடம் பார்த்தோம். மணலில் நிற்கும் நேரத்துக்குத் தொட்டியிலும் வலைப்பையிலும் புல் கட்டுவோம். மற்றபடி சாப்பாடு எல்லாம் லாயத்தில்தான். ஒரு குதிரைக்கு 10 அடிக்கு 10 அடி வீதம் 2,000 சதுர அடிக்கு 4 அங்குலக் கான்கிரீட் போட வேண்டும். மழமழவென்று பூசக் கூடாது. ஈரத்தில் கால் வழுக்கினால் இடுப்பு போய்விடும். ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக விட்டு, 4 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் கொடுத்தால் மூத்திரம் தேங்காது. வெறும் கான்கிரீட்டில் நாள் முழுக்க நின்றால் மூட்டு வீங்கும், படுத்து எழும்போது முழங்கை தேயும். ஆகவே மேலே குதிரைக்கு இரண்டு ரப்பர் விரிப்பு. வாரம் ஒருமுறை விரிப்பைத் தூக்கி அடியைக் கழுவாவிட்டால் அங்கே தங்கும் மூத்திரத்தின் நெடி குதிரையின் மூச்சைக் கெடுக்கும். அந்த வேலை எங்களுடையது.

தண்ணீர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் பெயரில் நீளமான கல்தொட்டி கட்டித் தருகிறோம் என்று சிலர் முன்வந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பொதுத் தொட்டியில் எல்லாக் குதிரைகளும் வாய் வைத்தால், ஒரு குதிரையின் மூக்குச்சளியில் இருக்கும் நோய் எல்லாவற்றுக்கும் போகும். கிளாண்டர்ஸ் என்ற கொடிய பாக்டீரியா நோய் அப்படிப் பரவக்கூடியது, மனிதருக்கும் தொற்றும். 2009ஆம் ஆண்டு கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி உடனே தெரிவிக்க வேண்டிய நோய் அது. உறுதியானால் அந்தக் குதிரையைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர வேறு வழியில்லை. எனவே 2,000 லிட்டர் டாங்கி இரண்டு, வரிசையாகக் குழாய், குதிரைக்கு எண் போட்ட இரண்டு வாளி. தொட்டியில் பெயர் பொறிக்க ஆசைப்பட்டவர்கள் டாங்கியில் பொறித்துக்கொள்ளலாம்.

300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரை சாதாரண நாளில் 15 முதல் 25 லிட்டர் குடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் வேலை செய்தால் 40 லிட்டரைத் தாண்டும். ஓடி வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்பது பழைய நம்பிக்கை. குடிக்க விடலாம், கெடுதல் இல்லை. உடம்பு கொதிக்கும்போது மேலே தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குதிரையின் வியர்வையில் உப்பு அதிகம். தினம் 30 கிராமாவது கல்லுப்பு தீவனத்தில் சேராவிட்டால் தாகம் குறைந்துபோகலாம். தண்ணீர் குறைந்தால் சாணம் இறுகும், மறுபடியும் வயிற்று நோவு.

இனி, கொள்ளு ஏன் வேண்டாம் என்கிறோம்? வேண்டாம் என்பதில்லை, அளவுதான். குதிரைக்கு முதல் சாப்பாடு நார்த்தீவனம்: உடல் எடையில் 100க்கு 2 பங்கு, அதாவது 300 கிலோ குதிரைக்குக் காய்ந்த கணக்கில் 6 கிலோ, பச்சைப்புல் என்றால் 25 கிலோவுக்குக் குறையாமல். வயிறு சிறியது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் படைக்கப்பட்டது. புல்லைக் குறைத்து ஒரே வேளையில் தானியத்தையோ சாதத்தையோ கொட்டினால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும். அதன் விளைவு குளம்புக்குள் அழற்சி. முன்கால்களை நீட்டிக்கொண்டு பின்பக்கம் சாய்ந்து நிற்கும் குதிரையைப் பார்த்தால் அநேகமாக அதுதான்.

எளிதில் கிடைக்கிறது என்று தவிட்டை மட்டும் ஊட்டுவதும் ஆபத்து. தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்) குறைவு. நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் கோ-4 ரகம் போன்ற நேப்பியர் தீவனப்புல்லில் இருக்கும் ஆக்சலேட் என்ற பொருளும் சுண்ணாம்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துச் செலவழிக்கும். முகம் வீங்கும், கால் நொண்டும். தீனியாகவே தர விரும்புகிறவர்கள் காய்ந்த குதிரைமசால் (லூசர்ன் தீவனப்பயிர்) கட்டு தாருங்கள். பூஞ்சை மணம் அடித்தால் வாங்க மாட்டோம்.

லாடம், தினசரித் தீவனம், ஆண்டுக்கொரு முறை பல் அராவுதல், தடுப்பூசி இவற்றுக்கு நன்கொடையைத் தொட மாட்டோம். சவாரி வருமானத்தில் அதைப் பார்க்க முடியாதவர் குதிரை வைக்கக் கூடாது என்பது குழுவின் முடிவு. சேணம் உட்பட 60 கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை என்பது இன்னொன்று. பெரியவர்களை ஏற்ற மறுத்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கணக்கு இது: கான்கிரீட் தரை 2,00,000. ரப்பர் விரிப்பு 40க்கு 88,000. டாங்கி, மேடை, குழாய் 60,000. தீவனத் தொட்டி 20க்கு 20,000. வாளி 40க்கு 10,000. மூடியுள்ள சாணக்குழி 22,000; ஈ பெருகினால் நோயும் பெருகும் என்பதால் இதைக் குறைக்க முடியவில்லை. 2,200 ரூபாய் தந்தால் ஒரு விரிப்பு, 1,000 தந்தால் ஒரு தீவனத் தொட்டி, 250 தந்தால் ஒரு வாளி என்று வைத்துக்கொள்ளலாம். பொருளாகவும் தரலாம், சிமெண்ட் தருகிறவர்கள் மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள், அடுக்கிவைக்க இடமில்லை.

உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் மணலில் மாலை 4 மணிக்கு மேல் ரசீது புத்தகத்தோடு குழு உறுப்பினர் இருப்பார். ரசீது வாங்காமல் யாரிடமும் பணம் தராதீர்கள். வங்கிக் கணக்கு மூன்று பேர் கையெழுத்தில் இயங்குகிறது. வரவு செலவை மாதம் ஒருமுறை லாய வாசலில் ஒட்டுவோம். எங்களுக்குத் தரும் நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடையாது.

முழுத்தொகை சேராவிட்டாலும் வேலை நிற்காது. முதலில் தரை, அடுத்து தண்ணீர், பிறகு விரிப்பு என்ற வரிசையில் செய்வோம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கான்கிரீட் போட்டு, 7 நாள் ஈரம் காக்க வேண்டும். ஆகவே தரைக்கான 2,00,000 ரூபாய் மட்டுமாவது செப்டம்பர் 15க்குள் கைக்கு வர வேண்டும்.

இங்ஙனம்,
பொது லாயக் குழுவினர்