பொக்கற் இல்லாத சேட்

ஆசிரியர் அவர்களுக்கு,

மானிப்பாயில் முப்பது வருடமாகத் தையற்கடை வைத்திருக்கிறேன். பல்கலைக்கழகங்களுக்குப் புதிய பற்ச் போகிற காலத்தில் பெடியள் வந்து, "அண்ணை, வெள்ளை நீளக்கைச் சேட், பொக்கற் வேண்டாம்" என்பார்கள். ஏன் தம்பி என்று கேட்டால் சிரிப்பார்கள். சீனியர்மார் சொன்னதாம். நானும் சிரித்துக்கொண்டே தைத்துக் கொடுத்தவன்தான். பொக்கற்றுக்கான துணி மிச்சம், வேறென்ன.

போன வருடம் என் மகனுக்குத் தெற்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அவன் இன்னும் பஸ் ஏறவே இல்லை, சீனியர்மாரின் பகிடிவதை, அதுதான் ராகிங், எங்கள் விறாந்தைக்கு வந்துவிட்டது. இரவு பன்னிரண்டு தாண்டினால் வட்ஸ்அப்பில் அழைப்பு. எழும்பி நின்று பெயர், ஊர், பள்ளிக்கூடம் எல்லாம் ஒப்புவிக்க வேண்டும். நடுவில் தடக்கினால் திரும்ப முதலிலிருந்து. அப்புறம் தூஷணம் சொல்லச் சொல்வார்கள். தாய் உள்ளே படுத்திருக்கிறாள் என்று அவன் அதைக் குசுகுசுத்தான். "சத்தம் காணாது" என்றது போன். நான் இருட்டில் கதவடியில் நின்றேன். அது நல்ல யாழ்ப்பாணத் தமிழ். எங்கள் வலிகாமப் பக்கத்துப் பெடியன் என்றுதான் என் காதுக்குப் பட்டது.

அவனுடைய நாலு புதுச் சேட்டிலும் பொக்கற்றைப் பிளேட்டால் பிரித்தது நான்தான். நூலை உருவினாலும் ஊசித் துளை வரிசையாகத் தெரிகிறது. அயன் பண்ணியும் போகவில்லை.

நிர்வாகம் என்ன செய்கிறது என்று கேட்டு நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். சட்டமும் இருக்கிறது. 1997இல் பேராதனையில் பொறியியல் படித்த தமிழ் மாணவன் ஒருவனைக் கடும் உடற்பயிற்சி செய்ய வைத்ததில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனான். மறுவருடம் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் தொல்லை, கடுங்காயம் என்றால் பத்து வருடம் வரை. இதை மகனுக்குச் சொன்னேன். "முறைப்பாடு குடுத்தால் பற்ச்சே என்னோட கதைக்காது அப்பா. நாலு வருசம் ஆரோட இருந்து சாப்பிடுறது?" என்றான். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

அதனால்தான் இரண்டாம், மூன்றாம் வருடப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாருக்கு இதை எழுதுகிறேன். "எங்கட பிள்ளை அப்படியில்லை" என்று எல்லோரும்தான் சொல்கிறோம். என் மனைவி இப்போதே சொல்லத் தொடங்கிவிட்டாள். மகன் அடுத்த மாதம் இரண்டாம் வருடம். லீவில் வந்து நிற்கிற பிள்ளை நடுச்சாமத்தில் போனோடு முற்றத்துக்கு இறங்கினால், ஒருக்கால் கதவடியில் நின்று கேளுங்கள். இந்த லீவுக்கு என் வீட்டில் நான் நிற்பேன்.

தையற்காரர் ஒருவர்,
மானிப்பாய்.