தக்காளிப் புலம்பல்

கோத்தகிரி

அன்புள்ள மாலதி,

பொங்கலுக்குப் பேசினவள் அப்புறம் ஆளையே காணோம் என்று நீ திட்டுவதற்குள் எழுதிவிடுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அங்கே எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

சரி, விஷயம் இதுதான். என் தக்காளி போச்சுடி! காயும் பிஞ்சுமாக நின்ற செடிகள் மத்தியானம் துவளும், சாயங்காலம் நிமிரும், வெயில்தான் என்று விட்டால் நாலைந்து நாளில் அப்படியே தொங்கிவிட்டன, ஆனால் இலை ஒன்றுகூட மஞ்சளாகவில்லை. பெரியப்பா இன்னும் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார், மண்ணோ சொதசொதவென்று கிடக்கிறது. மருந்துக்கடையில் பூஞ்சைப் பொடியை நீட்டினார்கள். பூஞ்சை வாடல் என்றால் அடியிலைதானே முதலில் பழுக்கும்?

தண்டை அடியில் அறுத்து, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முனை மட்டும் முங்கும்படி பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் அறுத்த இடத்திலிருந்து வெள்ளையாக நூல் நூலாக இறங்கியது. பாக்டீரியா வாடல்! ரால்ஸ்டோனியா என்று பேர். நம் ஊர் உருளைக்கிழங்கை வெட்டினால் சில சமயம் பழுப்பு வளையம் தெரியும், அமுக்கினால் கொழகொழவென்று கசியும் பார், அதே கிருமிதான். எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தப் பாத்தியில் வருஷா வருஷம் கிழங்குதான் போட்டார்களாம்.

வந்த செடிக்கு மருந்து கிடையாது. வேரோடு பிடுங்கி எரித்தேன். குப்பைக்குழியில் போடு, உரமாகும் என்று பெரியப்பா ஒரே சண்டை. ஓடுகிற தண்ணீரில், மண்வெட்டியில், செருப்பில் ஒட்டிய மண்ணில்கூட அது பரவும் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். இப்போது மண்வெட்டியைக் கழுவாமல் அடுத்த பாத்திக்குள் யாரையும் விடுவதில்லை. ராட்சசி என்று பேர் வாங்கிவிட்டேன்.

அம்மாவை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. அப்பா போனபிறகு அவள் காலையில் வாசலுக்கு வந்ததே அந்தச் செடிகளைப் பார்க்கத்தான். இப்போது கட்டிலிலேயே கிடக்கிறாள்.

அதனால்தான் எழுதுகிறேன். மே மாசம் வரும்போது கத்தரி நாற்று, மிளகாய் நாற்று என்று பாசத்தோடு எதையும் தூக்கிக்கொண்டு வராதே, எல்லாம் தக்காளிக்கு ஒரே குடும்பம், எல்லாவற்றுக்கும் வரும். பெங்களூரில்தானே இருக்கிறாய், ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் விதை ஒரு பாக்கெட் வாங்கி வா. இந்த வாடலையும் இலைச்சுருட்டை நோயையும் தாங்குகிற தக்காளி ரகம். வேறு மண் நிரப்பி, அம்மாவின் ஜன்னலோரம் பைகளில் வைக்கப்போகிறேன். பழைய பாத்தியில் சில வருஷத்துக்குப் பூண்டும் முட்டைக்கோசும்தான்.

மலைக்கு வர இ-பாஸ் எடுத்துவிடு, செக்போஸ்ட்டில் நின்றுகொண்டு எனக்குப் போன் பண்ணாதே.

உன்
சாந்தி